எஃப்-1 விசாவில் படிக்கப் போகிறவர்களுக்கு: அட்வைசரிடம் எதைக் கேட்பது, டிஎஸ்ஓவிடம் எதைக் கேட்பது

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி, மண்டபம், ராமேஸ்வரம் பக்கமிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கக் கிளம்புகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பதில் முக்கால்வாசி விசா இண்டர்வியூவைப் பற்றித்தான். என்ன சட்டை போடுவது, எந்தக் கவுண்டர் ஆபீசர் கடுமை, பேங்கில் எவ்வளவு காட்டினால் போதும். சென்னை ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் அந்த இரண்டு நிமிடம் நல்லபடியாக முடிந்து பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் கேள்விகள் நின்றுவிடும். அப்புறம் செமஸ்டர் பாதியில் ஒரு வாட்ஸ்அப் வரும்: "அண்ணே, ஒரு கோர்ஸை டிராப் பண்ணிட்டேன், இன்டர்நேஷனல் ஆபீஸ்லேர்ந்து மெயில் வந்திருக்கு, பயமா இருக்கு."

நான் ராமநாதபுரத்துக்காரன், அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குப் பாட ஆலோசனை சொல்கிற பிரிவில் வேலை பார்க்கிறேன். கீழே எழுதியிருப்பது அமெரிக்காவின் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மட்டும். லண்டன், கனடா, மலேசியா எல்லாவற்றுக்கும் விதி வேறு, இதை வைத்துக்கொண்டு அங்கே போய்ப் பேசாதீர்கள்.

முதலில், யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

உங்கள் பெயருக்கு நேராகக் குறைந்தது இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் அகாடமிக் அட்வைசர். எந்தப் பாடம் எடுத்தால் டிகிரிக்குக் கணக்காகும், எதை முடித்தால்தான் எதை எடுக்கலாம், எந்த செமஸ்டரில் வெளியே வருவீர்கள் என்பதெல்லாம் அவர் வேலை. இன்னொருவர் டிஎஸ்ஓ, அதாவது வெளிநாட்டு மாணவர்களின் விசா விதி விஷயங்களைக் கவனிக்கிற அதிகாரி, இன்டர்நேஷனல் ஆபீஸில் இருப்பவர். உங்கள் ஐ-20 (நீங்கள் எஃப்-1 மாணவர் என்பதற்குப் பல்கலைக்கழகம் தருகிற படிவம்) அவர் கையெழுத்தோடுதான் வரும், வெளிநாட்டு மாணவர்களின் பதிவுகள் இருக்கிற அரசாங்கத்தின் செவிஸ் கணினியில் உங்கள் கோப்பைத் திறந்து மாற்றுகிற அதிகாரம் பல்கலைக்கழகத்தில் அவரைப் போன்ற சிலருக்கு மட்டும்தான் உண்டு. தீசிஸ் எழுதுகிறவர்களுக்கும் பிஎச்டி மாணவர்களுக்கும் இவர்கள் போக கைடு என்று ஒருவர் இருப்பார்.

இதில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், அட்வைசர் பார்க்கிற மாணவர்களில் பெரும்பாலானவர்கள் அந்த ஊர்ப் பிள்ளைகள். ஒரு பாடம் ஓடவில்லை, மார்க் விழுகிறது என்று அவர்கள் வந்து சொன்னால் "அதை விட்டுவிடு, அடுத்த செமஸ்டர் எடுத்துக்கொள்" என்று சொல்வது ரொம்ப நல்ல ஆலோசனை, அக்கறையோடு சொல்வதும்கூட. அதே வாக்கியத்தை உங்களிடம் சொன்னால், நீங்களும் அங்கேயே லேப்டாப்பைத் திறந்து டிராப் பட்டனை அழுத்தினால், நாட்டில் இருக்கிற உரிமையே போய்விடலாம். அவர் பொய் சொல்லவில்லை, விசா விதி அவர் வேலையே இல்லை. டிஎஸ்ஓவைக் கேட்டால் அவருக்கு விசா விதி தெரியும், ஆனால் நீங்கள் எடுக்கிற பாடம் டிகிரிக்குக் கணக்காகுமா என்று தெரியாது. ஒருவர் சரி என்றால் இன்னொருவரும் சரி என்றதாக ஆகாது. ஆகவே பாட அட்டவணையைத் தொடுவதற்கு முன்னால் இருவரிடமும் கேட்க வேண்டும், இருவரின் பதிலும் மெயிலில் இருக்க வேண்டும். இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

கூடவே இன்னொன்று. விசா வேறு, ஸ்டேட்டஸ் (மாணவராக நாட்டில் இருக்கிற சட்டப்படியான நிலை) வேறு. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கிற விசா நாட்டுக்குள் நுழைவதற்கு. உள்ளே போன பிறகு உங்களைக் காப்பாற்றுவது ஐ-20யும் செவிஸ் பதிவும். விசா தேதி முடிந்துபோனாலும் ஸ்டேட்டஸ் சரியாக இருந்தால் உள்ளே இருந்து படிக்கலாம், வெளியே போய்த் திரும்பும்போதுதான் புது விசா வேண்டும். அதே மாதிரி, விசாவில் இன்னும் 4 வருடம் பாக்கி இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தவரின் ஸ்டேட்டஸ் ஒரே ஒரு கோர்ஸ் டிராப்பில் போவதும் நடக்கிறது.

ஊரை விட்டுக் கிளம்பும் முன்

ஐ-20 வந்ததும் பெயரையும் பிறந்த தேதியையும் மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். படிப்பின் பெயர், மாஸ்டர்ஸா பேச்சலரா, தொடங்கும் தேதி, முடியும் தேதி, படிப்புப் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற சிஐபி எண் (படிப்பின் வகையைக் காட்டுகிற எண்) எல்லாவற்றையும் பாருங்கள். அந்த எண்ணை வைத்துத்தான் உங்கள் படிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்று பிற்பாடு முடிவாகும். படிப்பு முடிந்து வேலை செய்ய 12 மாதமா, அதற்கு மேல் இன்னும் 24 மாதமா என்பது அதில் அடங்கியிருக்கிறது. ஒரே பல்கலைக்கழகத்தில் கேட்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு படிப்புகளில் ஒன்று ஸ்டெம்மாகவும் மற்றது அப்படி இல்லாமலும் இருக்கலாம். இதை அட்மிஷன் நேரத்திலேயே மெயிலில் கேட்டுவிடுங்கள்.

பெயர் விஷயம் நம் பக்கத்துக்கு ஸ்பெஷல். இனிஷியல்தான் நமக்கு வழக்கம், சர்நேம் கிடையாது. பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் முழுப்பெயரும் சர்நேம் ஆகி, முதல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் "எஃப்என்யூ" என்று வரும், முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அப்புறம் அட்வைசர் மெயிலில் "டியர் எஃப்என்யூ" என்று எழுதுவார். சிரிப்பு ஒரு பக்கம், நிஜத் தொல்லை என்னவென்றால் ஐ-20, பாஸ்போர்ட், பல்கலைக்கழகக் கணக்கு மூன்றிலும் பெயர் மூன்று விதமாக இருந்தால் பின்னால் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது இடிக்கும். நேரம் இருந்தால் கிளம்புவதற்கு வெகு முன்னாலேயே மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பெயரைப் பிரித்து வாங்கிவிடுங்கள், அதற்கப்புறம் ஐ-20யையும் அதே மாதிரி மாற்றச் சொல்லுங்கள்.

படித்த கல்லூரியிலிருந்து மார்க் ஷீட், டிரான்ஸ்கிரிப்ட் எல்லாரும் வாங்குவார்கள். சிலபஸை யாரும் வாங்குவதில்லை. நீங்கள் படித்த ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் கல்லூரி முத்திரையோடு ஒரு செட் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே போனதும் "இந்தப் பாடம் படிக்காமல் அந்தப் பாடம் எடுக்க முடியாது" என்று கணினி தடுக்கும். ஊரில் அதை முடித்திருக்கிறேன் என்று வாயால் சொல்லிப் பயனில்லை, சிலபஸைக் காட்டினால் பல துறைகளில் விலக்கு கொடுப்பார்கள். ஒரு பாடம் மிச்சமானால் என்ன விலை மிச்சம் என்று உங்களுக்கே தெரியும்.

பணம். இதை அட்வைசிங்கில் ஏன் எழுதுகிறேன் என்றால், ஃபீஸ் கட்டாவிட்டால் கணக்கில் "ஹோல்டு" விழும், ஹோல்டு இருந்தால் அடுத்த செமஸ்டருக்குப் பாடம் பதிய முடியாது, பதியாவிட்டால் ஸ்டேட்டஸ் போய்விடும். அட்வைசருக்கு இந்த ஹோல்டை எடுக்க அதிகாரம் இல்லை. ஐ-20க்குக் காட்டிய பணம் முதல் வருடச் செலவுக்கானது, இரண்டாம் வருடம் எங்கிருந்து வரும் என்று நீங்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலை நம்பிய வீட்டில் கை வறண்டு கிடக்கிற மாதங்கள் அவை, அது முடிந்து மூச்சு விடுவதற்குள் ஆகஸ்ட் செமஸ்டர் ஃபீஸ் வந்து நிற்கும். அப்பா சவுதியிலோ துபாயிலோ இருக்கிற சபுராளி வீடு என்றாலும் அனுப்புகிற பணம் மாதாமாதம் ஒரே மாதிரி வருவதில்லை, வட்டிக்கு வாங்கமாட்டோம் என்கிற வீடுகளுக்குப் பேங்க் கடனும் கிடையாது. இதற்கு வழி: முதல் செமஸ்டரிலேயே ஃபீஸ் ஆபீஸில் தவணைத் திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலான இடங்களில் உண்டு. கெடு தேதிக்கு முன்னால் கேட்டால் தவணை, கெடு முடிந்து கேட்டால் ஹோல்டு, அபராதம். அவ்வளவுதான் வித்தியாசம்.

இறங்கியதும்

ஐ-20யில் உள்ள தொடங்கும் தேதிக்கு 30 நாளுக்கு முன்னால் நாட்டுக்குள் நுழைய முடியாது. டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது, அமெரிக்காவில் இருக்கிற மாமா வீட்டில் ஒரு மாதம் தங்கிவிட்டுப் போகலாம் என்று தேதி பார்க்காமல் போடாதீர்கள்.

இமிக்ரேஷன் தாண்டியதும் இணையத்தில் உங்கள் ஐ-94 பதிவை (நாட்டுக்குள் நுழைந்ததற்கான அரசுப் பதிவு) எடுத்துப் பாருங்கள். எஃப்-1 என்று இருக்க வேண்டும். "எவ்வளவு நாள் தங்கலாம்" என்ற இடத்தில் பல ஆண்டுகளாகத் தேதி போடாமல் "டி/எஸ்" என்றுதான் போடுவார்கள், ஸ்டேட்டஸ் இருக்கிற வரை தங்கலாம் என்று பொருள். இதை எடுத்துவிட்டு அதிகபட்சம் 4 வருடம் என்று தேதி குறிக்கலாம் என 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசு ஒரு முன்மொழிவை வெளியிட்டது. ஆகவே சீனியர் சொன்னதை வைத்து அனுமானிக்காமல் உங்கள் ஐ-94இல் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களே பாருங்கள். தேதி இருந்தால் அந்தத் தேதிதான் கணக்கு. தவறாக இருந்தால் அன்றே டிஎஸ்ஓவிடம் போங்கள்.

அப்புறம் இன்டர்நேஷனல் ஆபீஸில் செக்-இன். படிப்பு தொடங்கும் தேதியிலிருந்து 30 நாளுக்குள் அவர்கள் உங்களை செவிஸில் பதிவு செய்தாக வேண்டும், அதற்கு நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும், முழு அளவு பாடங்கள் பதிந்திருக்க வேண்டும். தங்கும் விலாசம் மாறினால் 10 நாளுக்குள் சொல்ல வேண்டும். முதல் மாதம் சீனியர் ரூமில் ஒண்டியிருந்துவிட்டு அப்புறம் வேறு வீடு போகிறவர்கள் இதைத்தான் முதலில் மறக்கிறார்கள்.

அட்வைசருடன் முதல் சந்திப்பு

நம் கல்லூரிகளில் டைம்டேபிளைப் போர்டில் ஒட்டுவார்கள், நாம் போய் உட்காருவோம். எலெக்டிவ் என்று ஒன்று இருந்தாலும் கிளாஸ் முழுக்க ஒன்றைத்தான் எடுக்கும். அங்கே டைம்டேபிளை நீங்கள்தான் கட்ட வேண்டும். யாரும் ஒட்டித் தரமாட்டார்கள், கட்டாமல் விட்டால் யாரும் வந்து கேட்கவும்மாட்டார்கள்.

போகும் முன் மூன்று வேலை. நீங்கள் சேர்ந்த வருடத்துக்கான கேட்டலாகை எடுத்து உங்கள் டிகிரிக்கு என்னென்ன வேண்டும் என்று படியுங்கள், ஏனென்றால் உங்களைக் கட்டுப்படுத்துவது அந்த வருடத்து விதிதான், சீனியரின் வருடத்து விதி இல்லை. பல்கலைக்கழக போர்ட்டலில் டிகிரி ஆடிட் என்று ஒரு பக்கம் இருக்கும், அதைத் திறந்து எது முடிந்தது, எது பாக்கி என்று பாருங்கள். மூன்றாவதாக, ஒரு வெள்ளைத்தாளில் கடைசி செமஸ்டர் வரைக்கும் நீங்களே ஒரு திட்டம் எழுதுங்கள். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, திருத்துவதற்கு அவர் இருக்கிறார். வெறும் கையோடு போனால் அந்த அரை மணி நேரம் "எல்லாம் ஓகேயா?" "ஓகே சார்" என்று போய்விடும்.

இந்த "ஓகே சார்"தான் எனக்கு ஆகாதது. நம் பிள்ளைகள் எச்ஓடி அறையில் நிற்கிற மாதிரியே அட்வைசர் முன்னால் உட்காருகிறார்கள், புரியாததற்கும் தலையாட்டுகிறார்கள், கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். அங்கே கேள்வி கேட்காதவனுக்கு எந்தச் சிக்கலும் இல்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். கேட்க வேண்டியவை: இந்தப் பாடம் எல்லா செமஸ்டரிலும் நடக்குமா, ஆகஸ்டில் மட்டுமா? (வருடத்துக்கு ஒருமுறை மட்டும் நடக்கிற ஒரு கட்டாயப் பாடத்தை விட்டுவிட்டு, அதற்காகவே ஒரு வருடம் கூடுதலாக உட்கார்ந்தவர்கள் உண்டு.) இரண்டு கஷ்டமான பாடத்தை ஒன்றாக எடுக்கிறேனா? இன்டர்ன்ஷிப்புக்கு எந்த செமஸ்டரைக் காலியாக வைக்க வேண்டும்? என் ஐ-20 முடிகிற தேதிக்குள் இந்தத் திட்டம் முடியுமா?

வெளியே வந்ததும் அன்றைக்கே ஒரு மெயில் போடுங்கள். பெரிய இங்கிலீஷ் எல்லாம் வேண்டாம். இன்று சந்தித்ததற்கு நன்றி, இந்தந்தப் பாடம் எடுக்கச் சொன்னீர்கள், இதை அடுத்த வருடத்துக்குத் தள்ளச் சொன்னீர்கள், நான் தவறாகப் புரிந்திருந்தால் திருத்துங்கள், அவ்வளவுதான், கீழே உங்கள் பெயரும் மாணவர் எண்ணும். அட்வைசர்கள் வேலையை விட்டுப் போவது சகஜம். அடுத்து வருகிறவரிடம் "அவர் அப்படிச் சொன்னார்" என்றால் எடுபடாது, மெயில் இருந்தால் எடுபடும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையின் மார்க்கைக் கேட்டு வாப்பாவோ அம்மாவோ அங்கே போன் போட்டால் சொல்லமாட்டார்கள். ஃபெர்பா என்று ஒரு சட்டம் இருக்கிறது, மாணவர் எழுத்து மூலம் சம்மதம் தராவிட்டால் பெற்றவர்களிடம்கூடப் பேசத் தயங்குவார்கள். ஃபீஸ் கட்டுவது நாங்கள்தானே என்று கோபப்பட்டுப் பயனில்லை. பிள்ளையிடமே கேளுங்கள், கோபமில்லாமல் கேட்டால் உண்மை வரும்.

கிரெடிட் கணக்கு

பேச்சலர்ஸ் என்றால் ஒரு செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட். மாஸ்டர்ஸ், பிஎச்டிக்கு எது முழு அளவு என்று பல்கலைக்கழகம் நிர்ணயிக்கும், பெரும்பாலும் 9. பொதுவாக ஒரு பாடம் 3 கிரெடிட், ஆக மாஸ்டர்ஸ் மாணவருக்கு மூன்று பாடம். ஒன்றை விட்டால் 6, விதிக்குக் கீழே. பேச்சலர்ஸ் மாணவர் 15க்குப் பதிந்திருந்தால் ஒன்றை விட்டாலும் 12 நிற்கும், தப்பித்தார். அதனால் பேச்சலர்ஸ் பிள்ளைகளுக்கு நான் 15 போடச் சொல்வேன். மாஸ்டர்ஸில் முதல் செமஸ்டரே 12 போடுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன், சமையலும் துணி துவைப்பதும் முதன்முதலாகத் தனியாகச் செய்கிற பிள்ளைக்கு மூன்று பாடமே தாராளம்.

ஆன்லைன் பாடத்தில் ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு பாடம், அதாவது 3 கிரெடிட் மட்டும்தான் இந்தக் கணக்கில் சேரும். இரண்டு ஆன்லைன் பாடமும் ஒரு நேரடிப் பாடமும் எடுத்துவிட்டு "9 இருக்கிறதே" என்றால் உண்மையில் 6தான். பாதி ஆன்லைன் பாதி நேரடி என்று இருப்பதை எப்படி எண்ணுவார்கள் என்று டிஎஸ்ஓவிடம் கேளுங்கள். வெயிட்லிஸ்டில் இருப்பது கணக்கில் வராது. மார்க் இல்லாமல் சும்மா உட்கார்ந்து கேட்கிற ஆடிட்டும் வராது. ஆர்ஏ (ஆராய்ச்சி உதவியாளர்), டிஏ (கற்பித்தல் உதவியாளர்) வேலை கிடைத்தவர்களுக்குச் சில இடங்களில் முழு அளவே குறைவாக வைத்திருப்பார்கள், ஆனால் அதை டிஎஸ்ஓ சொல்ல வேண்டும், ரூம்மேட் அல்ல.

பாடம் ஓடவில்லை என்றால்

இங்கேதான் நிதானம் வேண்டும். முதல் மிட்டெர்மில் மார்க் விழும், பலருக்கும் விழும். ஊரில் பத்து வருட வினாத்தாளைப் புரட்டிப் பாஸ் பண்ணிப் பழகியவர்களுக்கு வாரவாரம் அசைன்மென்ட், குவிஸ், புராஜெக்ட் என்று வருவது திணறலாகத்தான் இருக்கும். அதோடு நம் மனதில் அரியர் என்கிற யோசனை ஊறிப்போயிருக்கிறது: போனால் போகட்டும், அடுத்த நவம்பரில் எழுதிக்கொள்ளலாம். அங்கே தனியாக அரியர் பரீட்சை என்று ஒன்று கிடையாது. பெயிலானால் மறுபடி அதே பாடத்துக்கு முழுப் பணம் கட்டி, முழு செமஸ்டரும் உட்கார வேண்டும். மாஸ்டர்ஸில் ஜிபிஏ (கிரேடு சராசரி) பெரும்பாலும் 3.0க்குக் கீழே போனால் புரொபேஷன், அதாவது எச்சரிக்கைக் காலம், அதற்கப்புறமும் ஏறாவிட்டால் வெளியே. புரொபேஷனில் இருப்பதாலேயே ஸ்டேட்டஸ் போய்விடாது, வெளியேற்றினால்தான் போகும். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது: புரொபேஷனாலோ சஸ்பென்ஷனாலோ படிப்பு இழுத்துக்கொண்டு போனால், அதைக் காரணம் காட்டி ஐ-20 தேதியை நீட்டிக்க விதியில் இடமில்லை.

சரி, என்ன செய்வது? முதலில் பேராசிரியரின் ஆபீஸ் ஹவர்ஸுக்குப் போங்கள். அந்த நேரத்தை உங்களுக்காகவே ஒதுக்கி வைத்திருக்கிறார், பல வாரம் ஈயோட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. இப்போதைய நிலைமையில் பாஸாக வழி இருக்கிறதா என்று நேராகக் கேட்கலாம், நேராகவே சொல்வார். வழி இல்லை என்றால் அட்வைசர், அங்கிருந்து டிஎஸ்ஓ. டிஎஸ்ஓ செவிஸில் அனுமதி போட்ட பிறகுதான் டிராப். இந்த வரிசையை மாற்றக்கூடாது. டிராப் பண்ணிவிட்டுப் போய்ச் சொன்னால், அனுமதி கிடைத்திருக்கக்கூடியவருக்கும் கிடைக்காமல் போகும்.

அந்த அனுமதிக்குக் குறைந்த பாடச்சுமை என்று பெயர், ஆர்சிஎல் என்பார்கள். படிப்புக் காரணம் என்றால் விதி சொல்வது இவ்வளவுதான்: ஆங்கிலத்திலோ வாசிப்பிலோ தொடக்கச் சிரமம், அமெரிக்கக் கற்பித்தல் முறை பழக்கமில்லாமை, தவறான நிலைப் பாடத்தில் சேர்த்துவிட்டது. ஒரு டிகிரிக்கு ஒருமுறைதான் கிடைக்கும். அப்போதும் செமஸ்டர் கணக்கில் குறைந்தது 6 கிரெடிட் இருக்க வேண்டும், அடுத்த செமஸ்டர் முழு அளவுக்குத் திரும்பிவிட வேண்டும். மார்க் குறையும் என்ற பயம், ஃபீஸுக்குப் பணமில்லை, அக்கா கல்யாணம், பேராசிரியர் பிடிக்கவில்லை, இது எதுவும் காரணம் ஆகாது.

மருத்துவக் காரணம் வேறு கணக்கு. ஒரு டிகிரிக்கு மொத்தம் 12 மாதம் வரை, தேவைப்பட்டால் ஒரு பாடமும் எடுக்காமல்கூட இருக்கலாம், ஆனால் லைசென்ஸ் உள்ள டாக்டரோ சைக்காலஜிஸ்ட்டோ கடிதம் தர வேண்டும், ஒவ்வொரு செமஸ்டருக்கும் டிஎஸ்ஓவின் முன் அனுமதி வேண்டும். மனச்சோர்வும் இதில் அடங்கும் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை, தெரிந்தாலும் வாயைத் திறப்பதில்லை. தூக்கமில்லை, வகுப்புக்குப் போகவே கால் வரவில்லை, வீட்டில் சொன்னால் உம்மா அழும் என்று அறைக்குள் கிடந்து, மூன்று பாடத்திலும் பெயிலான பிறகு வருகிறார்கள். அதற்கு முன்னால் கேம்பஸ் கவுன்சலிங் போயிருந்தால் அதே நிலைமைக்குச் சட்டப்படி வழி இருந்திருக்கும். அங்கே பேசுவதை வீட்டுக்குச் சொல்லமாட்டார்கள், பொதுவாகத் துறைக்கும் சொல்லமாட்டார்கள்.

செமஸ்டர் கடைசியில் உடம்பு சரியில்லாமல் போனால், ஊரில் ஒரு மவுத்து, ஒரு சாவு என்று வந்தால், டிராப்புக்கு ஓடாமல் "இன்கம்ப்ளீட்" கிரேடு தருவீர்களா என்று பேராசிரியரைக் கேளுங்கள். மீதி வேலையைப் பிற்பாடு முடித்துக் கொடுக்கலாம், பாடம் பதிவில் இருக்கும். செமஸ்டர் நடுவிலேயே ஊருக்குப் போயாக வேண்டும் என்றால், அழுதுகொண்டே டிக்கெட் போடுவதற்கு முன் டிஎஸ்ஓவுக்கு ஒரு மெயிலாவது அடியுங்கள். சில நாளில் திரும்பிவிடுவீர்கள் என்றால் ஐ-20யில் டிஎஸ்ஓவின் பயணக் கையெழுத்து (திரும்பி நுழைவதற்கு) இருக்கிறதா என்று பாருங்கள், அது ஒரு வருடம் செல்லும். செமஸ்டரையே விடுவதாக இருந்தால் அனுமதி பெற்ற விலகல் என்று டிஎஸ்ஓ செவிஸில் பதிவார், அதற்கப்புறம் கிளம்ப 15 நாள் உண்டு. சொல்லாமல் போனால் அந்த 15 நாளும் கிடையாது, பதிவிலும் கறை விழும். படிப்பை விட்டு 5 மாதத்துக்கு மேல் ஊரிலேயே இருந்துவிட்டால் புது ஐ-20, புது செவிஸ் கட்டணம் (இப்போது 350 டாலர்) என்று முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

எல்லாம் மீறி ஸ்டேட்டஸ் போயேவிட்டது என்றால், மீட்டுத்தரச் சொல்லி விண்ணப்பிக்க வழி உண்டு, பொதுவாக 5 மாதத்துக்குள். அந்தக் கட்டத்தில் அட்வைசரும் வேண்டாம், நானும் வேண்டாம், இமிக்ரேஷன் வக்கீலைப் பாருங்கள்.

ரெக்கார்டு நோட்டுப் பழக்கம்

சீனியர் ரெக்கார்டை வாங்கி அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்காமல் இன்ஜினியரிங் முடித்தவர் நம்மில் எத்தனை பேர்? அந்தப் பழக்கத்தைச் சென்னை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள். சீனியரின் பழைய கம்ப்யூட்டர் புரோகிராமை லேசாக மாற்றிக் கொடுப்பது, நண்பனோடு சேர்ந்து எழுதித் தனித்தனியாகச் சமர்ப்பிப்பது, அனுமதியில்லாத பாடத்தில் ஏஐயிடம் எழுதி வாங்குவது எல்லாம் அங்கே நேர்மை மீறல் என்று விசாரணைக்குப் போகும். ஒரு செமஸ்டர் சஸ்பெண்ட் செய்தால் பாடம் பதிய முடியாது, பதியாவிட்டால் செவிஸ் மூடப்படும், நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ஒவ்வொரு பாடத்தின் சிலபஸிலும் எது அனுமதி, எது இல்லை என்று எழுதியிருக்கும், பாடத்துக்குப் பாடம் மாறும். விசாரணைக் கடிதம் வந்தால் பதில் எழுதும் முன் டிஎஸ்ஓவைப் பாருங்கள்.

வேலை

வகுப்பு நடக்கும்போது கேம்பஸுக்குள் வாரம் 20 மணி நேரம், விடுமுறையில் அதற்கு மேலும் செய்யலாம். வெளியே பெட்ரோல் பங்க்கிலோ, சொந்தக்காரர் கடையிலோ, கையில் காசு வாங்கிக்கொண்டு நிற்பது கூடாது. "நம்ம மாமா கடைதானே" என்பதற்கு விதியில் விலக்கு இல்லை.

இன்டர்ன்ஷிப்புக்கு சிபிடி, அதாவது படிக்கும்போதே வெளியே பயிற்சி வேலை செய்ய ஒரு அனுமதி. பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடிந்த பிறகுதான், படிப்போடு சேர்ந்த பகுதியாகவும் இருக்க வேண்டும். இதில்தான் அட்வைசரும் டிஎஸ்ஓவும் இருவருமே கையெழுத்துப் போட வேண்டிய நிலை வருகிறது: அட்வைசர் இது படிப்புக்குத் தேவை என்று சொல்ல வேண்டும், டிஎஸ்ஓ ஐ-20யில் கம்பெனி பெயரும் தேதியும் ஏற்றித் தர வேண்டும். அந்தத் தேதிக்கு ஒரு நாள் முன்னால்கூட வேலை செய்யக்கூடாது, டிரெய்னிங் மட்டும்தான் என்று கம்பெனி சொன்னாலும் சரி. முழுநேர சிபிடி 12 மாதம் ஆகிவிட்டால் அந்த டிகிரிக்கான ஓபிடி (படிப்பு முடிந்து வேலை செய்ய முன்னால் சொன்ன அந்த 12 மாத அனுமதி) போய்விடும். சேர்ந்த முதல் நாளிலிருந்தே சிபிடி தருகிறோம் என்று விளம்பரம் செய்கிற கல்லூரிகளைப் பற்றி ஊரில் ஏஜென்ட்கள் இனிக்க இனிக்கப் பேசுவார்கள். மாணவரைச் சேர்த்துவிட்டால் கமிஷன் வாங்குகிறவர்கள் இதில் நிறையப் பேர், பின்னால் விசாவில் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

கடைசி செமஸ்டர்

முடிப்பதற்கு ஒரு பாடமோ இரண்டோதான் பாக்கி என்றால் அதை மட்டும் எடுக்கலாம், ஆனால் அதற்கும் டிஎஸ்ஓவின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். ஒரே பாடம்தான் மிச்சம் என்றால் அது ஆன்லைனாக இருக்கக்கூடாது. பட்டத்துக்கு விண்ணப்பிப்பது தனி வேலை, தானாக வராது. முடியாது போலிருக்கிறது என்றால் ஐ-20 தேதி முடிவதற்கு முன்னால் நீட்டிப்பு கேளுங்கள். தேதிக்கு அடுத்த நாள் கேட்டால் தாமதம்தான்.

ஓபிடிக்குப் படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்னாலிருந்து 60 நாள் பின்னால் வரை விண்ணப்பிக்கலாம். டிஎஸ்ஓ செவிஸில் பரிந்துரை போட்டு 30 நாளுக்குள் வேலை அனுமதி விண்ணப்பமான ஐ-765 அமெரிக்கக் குடியேற்றத் துறைக்குப் போய்ச் சேர வேண்டும். பரிந்துரை வாங்கிவிட்டு, புகைப்படம் சரியில்லை, கார்டில் பணமில்லை என்று நாளைக் கடத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து வருகிறவர்கள் வருடாவருடம் உண்டு. ஓபிடி தொடங்கிய பிறகு வேலையில்லாமல் மொத்தம் 90 நாள்தான் இருக்கலாம். ஸ்டெம் நீட்டிப்புக்கு (அந்த 24 மாதம்) முதலாளி இ-வெரிஃபையில் (ஊழியரின் வேலை உரிமையைச் சரிபார்க்கிற அரசு இணைய முறை) பதிந்திருக்க வேண்டும், அதை ஆஃபர் வாங்கும்போதே கேளுங்கள். ஓபிடியில் இருக்கும்போது பயணக் கையெழுத்து 6 மாதம்தான் செல்லும்.

பட்டமளிப்புக்கு அம்மா அப்பாவைக் கூப்பிடுகிறவர்கள் அழைப்புக் கடிதம் தருவார்களா என்று இன்டர்நேஷனல் ஆபீஸிலேயே கேட்கலாம், விசிட்டர் விசாவுக்குச் சென்னையில் தேதி கிடைக்கச் சில மாதங்கள்கூட ஆகலாம் என்பதால் கடைசி செமஸ்டர் தொடங்கும்போதே வேலையை ஆரம்பியுங்கள். விழா நாளை வைத்து எந்தக் கணக்கும் போடாதீர்கள். ஓபிடி இல்லாமல் கிளம்புகிறவருக்குக் கிடைக்கிற 60 நாள் ஐ-20யில் உள்ள முடிவுத் தேதியிலிருந்து ஓடும், சில இடங்களில் விழா அந்த முடிவுத் தேதிக்கு அப்புறம்தான் வரும்.